எண்ணிப் பார்த்தவர்கள் காத்த உயிர்கள்

மருத்துவமனை என்றதும் நம் மக்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே டாக்டர் கெட்டிக்காரரா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "செலவு எவ்வளவு வரும்?" மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. "இங்கே சென்ற ஆண்டு என்னென்ன தவறுகள் நடந்தன? அவற்றை யார் எழுதி வைத்தார்கள்? பிறகு எதை மாற்றினார்கள்?" இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. கேட்டால் சண்டை பிடிக்க வந்தவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் நமக்கு. மருத்துவமனையில் ஓர் உயிர் போனால், "விதி முடிந்தது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

'மருத்துவமனையில் தர மேம்பாடும் இடர் நிர்வாகமும்' என்ற தலைப்பைக் கேட்கும்போது, ஏதோ கருத்தரங்கு மண்டபத்தில் பேசும் விஷயம் போலத் தோன்றும். பாரம், முத்திரை, சான்றிதழ், சுவரில் மாட்டிய வாசகம் ஆகியவைதான் கண்முன் வரும். ஆனால் நேயர்களே, இந்த வேலை நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் 120 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. அப்போது அதற்கு இந்தப் பெயர் கிடையாது. கம்போங் மேடானிலிருந்து பழைய கிள்ளான் சாலைக்கு வாருங்கள். ஒரு பக்கம் போனால் கோலாலம்பூர். மறுபக்கம் போனால் கிள்ளான். இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு டாக்டர், தம் மருத்துவமனைப் பதிவேட்டை எண்ணிப் பார்த்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காக்க வழி செய்தார்கள். அந்த இரண்டு கதைகளிலும் தமிழர்கள் இருக்கிறார்கள்.

கிள்ளானில் ஒரு பதிவேடு

1901-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து டாக்டர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். ஊரெங்கும் காய்ச்சல். மருத்துவமனைக் கட்டில்கள் நிரம்பி வழிந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், புதிய துறைமுகமாகத் திறக்கப்பட்டது. கப்பல் வேலைக்கு வந்தவர்கள் கொத்துக் கொத்தாக மலேரியாவில் விழுந்தார்கள். திறந்த வேகத்திலேயே துறைமுகத்தை மூட வேண்டிய நிலை வந்தது.

அந்தக் காலத்து டாக்டர்களின் வழக்கம் என்ன? வந்த நோயாளிக்குக் கொயினா கொடுப்பது. பிழைத்தால் வீட்டுக்கு, இறந்தால் இடுகாட்டுக்கு. அடுத்த கட்டிலுக்கு அடுத்த ஆள். வாட்சனும் கொயினா கொடுத்தார். ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. வந்த ஒவ்வொரு நோயாளியும் எங்கிருந்து வந்தார் என்று பதிந்தார். பட்டணத்துக்குள்ளிருந்தா, துறைமுகத்திலிருந்தா, மாவட்டத்தின் மற்றப் பகுதிகளிலிருந்தா? இப்படி மூன்றாகப் பிரித்து எழுதினார். நான்கே ஆண்டுகளுக்கு முன்பு, 1897-இல், ரொனால்டு ராஸ் இந்தியாவின் செகந்திராபாத்தில் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்திருந்தார். அதைப் படித்திருந்த வாட்சன், சதுப்பு நிலத்தை வடித்து, ஊரை ஒட்டிய காட்டையும் வெட்டினால் கொசு குறையும் என்று மேலதிகாரிகளிடம் வாதாடினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடிகால் வெட்டுவது டாக்டரின் வேலை அல்ல. அதற்கான பணமும் அதிகாரமும் அவர் கையில் இல்லை. மாவட்ட நிர்வாகமும் பொதுப்பணித் துறையும் சம்மதிக்க வேண்டும். "கட்டிலில் கிடப்பவரைக் கவனிப்பதோடு உம் வேலை முடிந்தது" என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். வாட்சன் அவர்கள் முன் வைத்தது தம் பதிவேட்டில் இருந்த எண்களை.

அந்த எண்களை நாமும் பார்ப்போம். கிள்ளான் பட்டணத்திலிருந்து மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1901-இல் 334 பேர். வேலை தொடங்கிய பிறகு 1902-இல் 129. அடுத்த ஆண்டுகளில் 48, 28. 1905-இல் வெறும் 12. துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் 188-லிருந்து 11 ஆகக் குறைந்தார்கள். கிள்ளானிலும் துறைமுகத்திலும் எல்லா நோய்களாலும் இறந்தவர்கள் 1901-இல் 582 பேர். 1905-இல் 113 பேர். அரசு ஊழியர்கள் காய்ச்சலுக்காக எடுத்த விடுப்பு 1901-இல் 1,026 நாள். 1905-இல் 30 நாள்.

"அந்த ஆண்டுகளில் மலேரியா தானாகவே குறைந்திருக்கலாமே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிவேட்டை மூன்றாகப் பிரித்து எழுதியதன் பயன் இங்கேதான் தெரிகிறது. வடிகால் வெட்டாத மற்றப் பகுதிகளிலிருந்து வந்த நோயாளிகள் 1901-இல் 197 பேர். 1905-இல் 353 பேர். புதிய ரப்பர் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்ததும் அந்த உயர்வுக்கு ஒரு காரணம். இருந்தாலும், ஒரே மாவட்டத்தில் வேலை செய்த இடத்தில் காய்ச்சல் இறங்கியது, செய்யாத இடத்தில் இறங்கவில்லை என்பது எல்லாருக்கும் விளங்கியது. இன்று தர மேம்பாட்டுப் பயிற்சிகளில் 'ஒப்பீடு' என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

மருந்தே நோயான மலைத் தோட்டங்கள்

கதை இத்தோடு முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக் கதை. ஆனால் அடுத்து நடந்ததில்தான் இடர் நிர்வாகத்தின் பாடம் இருக்கிறது.

கடலோரத் தாழ்நிலத்தில் வெற்றி பெற்ற முறையை, உள்நாட்டில் மேடான தோட்டங்களுக்கும் கொண்டு போனார்கள். காட்டை வெட்டினார்கள், ஓடைகளைத் திறந்துவிட்டார்கள். மலேரியா குறையவில்லை. சில இடங்களில் கூடியது. காரணம், கொசு வேறு. தாழ்நிலத்தில் நோயைப் பரப்பிய அனோபிலிஸ் இனம், நிழல் விழுந்த தேங்கிய நீரில் முட்டையிடுவது. மேட்டு நிலத்தில் பரப்பியதோ, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும் இனம். நிழல் தந்த காட்டை வெட்டியதும் அந்தக் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தது போல் ஆயிற்று. அந்தத் தோட்டங்களின் லயங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் நம் ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கிய ஆள், ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் தோட்டத்து இடுகாட்டுக்குப் போனார்.

வாட்சன் தம் முறையைக் கட்டிக்கொண்டு அழவில்லை. மறுபடியும் எண்ணினார். எந்த நிலத்தில் எந்தக் கொசு, எந்தத் தோட்டத்தில் எத்தனை மரணம் என்று வகைப்படுத்தினார். மேட்டு நிலத்துக்கு நிலத்தடிக் குழாய் வடிகால், பிறகு ஓடைகளில் எண்ணெய் தெளித்தல் என்று வழியை மாற்றினார். ஓர் இடத்தில் உயிர் காத்த முறை, இன்னோர் இடத்தில் உயிரைக் குடிக்கும். இதை உணர்வதற்கு, நல்லது செய்த பிறகும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று ஒரு புதிய மருந்தோ புதிய கருவியோ வந்தால், "இதனால் என்ன கெடுதல் வரலாம்?" என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் நியாயம் இந்த மலைத் தோட்டங்களில் இருக்கிறது.

கோலாலம்பூரில் இரண்டு வகை அரிசி

இப்போது சாலையின் மறுமுனைக்கு வருவோம். கோலாலம்பூரில் மனநோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனை இருந்தது. 1905-இல் அங்கே பெரிபெரி நோய் பரவியது. கால் வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நின்றுவிடும். அந்த ஓர் ஆண்டில் 90-க்கும் மேற்பட்டவர்களை நோய் பிடித்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மனநோய்க்குச் சிகிச்சை பெற வந்தவர்கள், மருத்துவமனைச் சோற்றைத் தின்று வேறொரு நோயில் செத்தார்கள். மருத்துவமனையே நோயாளிக்கு ஆபத்தாவது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பெரிபெரி தொற்று நோயா, இடத்தின் கோளாறா, உணவின் கோளாறா என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன், ஒன்றைக் கவனித்திருந்தார். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனர்கள் பெரிபெரியால் சாகிறார்கள். அதே ஊரில், அதே வெயிலில் வேலை செய்யும் தமிழர்களுக்கு அது அவ்வளவாக வருவதில்லை. என்ன வேறுபாடு? சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் இதைச் சோதித்துப் பார்த்தார். மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு வார்டுக்கு. இரட்டைப்படை எண் வந்தவர்கள் எதிர் வார்டுக்கு. ஒரு வார்டுக்கு வழக்கமான பச்சரிசி. மற்றதற்குப் புழுங்கல் அரிசி. மற்றச் சாப்பாடெல்லாம் ஒன்றே. 1906-ஆம் ஆண்டு முழுவதும் இப்படி நடந்தது.

முடிவு என்ன? பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் இருவருக்கு மட்டும் நோய் இருந்தது. அந்த இருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை. இந்த முடிவு 1907-இல் லண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

அதே ஆண்டு, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு டாக்டர்கள், ஜெலுபுவுக்கு அருகில் டுரியான் தீப்பஸ் என்ற இடத்தில் சாலை வேலை செய்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். பச்சரிசிக் குழுவில் நோய் வந்தது. புழுங்கல் அரிசிக் குழுவில் வரவில்லை. பிறகு அரிசியை மாற்றினார்கள். நோயும் இடம் மாறியது. அரிசியைத் தீட்டும்போது போய்விடும் தவிட்டில்தான் உயிர்காக்கும் சத்து இருக்கிறது என்பது இதன் தொடர்ச்சியாக உறுதியானது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இன்று அதைத் தயமின், அதாவது வைட்டமின் பி1, என்கிறோம். நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற சொல்லே தெரியாது. ஆனால் அவர்கள் அவித்துக் காயவைத்த நெல், மருத்துவ வரலாற்றையே திருப்பியிருக்கிறது.

இதில் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, பிராடனின் விளக்கம் தவறு. பழைய அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்றே அவர் நம்பினார். காரணம் தவறாக இருந்தும், எண்ணிக்கை சரியாக இருந்ததால் வழி சரியாக அமைந்தது. இன்னொன்று, அந்த 18 பேர். அவர்கள் மனநோயாளிகள். நோயாளியிடம் சம்மதம் கேட்கும் வழக்கமே இல்லாத காலம் அது. இன்று அப்படி ஒரு சோதனையை எந்த மருத்துவமனையும் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. ஆராய்ச்சிக்கு நோயாளியின் சம்மதம் வேண்டும் என்று 1947-இன் நியூரம்பர்க் நெறிகள் வகுத்தது, இன்னும் கொடுமையான அனுபவங்களுக்குப் பிறகுதான். நாம் பெற்ற அறிவுக்கு அந்த 18 பேர் கொடுத்த விலையை மறந்துவிட்டு ஃபிளெட்சரை மட்டும் பாராட்டுவது நியாயமாகாது.

எண்ணப்படாத மரணங்கள்

கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் எண்ண ஒருவர் இருந்தார். தோட்டங்களில்? கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911-ஆம் ஆண்டு ஆயிரம் தொழிலாளர்களுக்கு 60 பேருக்கும் மேல் இறந்தார்கள் என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. வாட்சனின் கிள்ளான் வெற்றி தெரிந்து ஆறு ஆண்டுகள் கழிந்த நிலை இது. வழி தெரிந்திருந்தும் அது எல்லாத் தோட்டங்களுக்கும் போய்ச் சேரவில்லை. அதே 1911-இல் மலேரியா ஆலோசனை வாரியம் அமைக்கப்பட்ட பிறகுதான் வேலை பரவலானது.

வழி தெரிவது வேறு. நடைமுறைக்கு வருவது வேறு. நடுவில் இருப்பதுதான் தலைமை. தோட்ட ஆஸ்பத்திரியில் ஒரு டிரசர், ஓர் அறை, ஒரு கொயினாப் புட்டி இருந்தன. "இந்த மாதம் ஏன் இத்தனை பேர்?" என்று கேட்கும் ஒருவர் பல இடங்களில் இல்லை. அந்த மரணங்களுக்கு நம் குடும்பங்களில் கிடைத்த விளக்கம், "ராசியில்லாத தோட்டம்", "தலைவிதி" என்பவைதான்.

குற்றவாளியைத் தேடினால் உண்மை ஒளிந்துகொள்ளும்

எண்கள் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1847-இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவத்துக்கு வந்த தாய்மார்கள் ஒரு வார்டில் மட்டும் அதிகமாக இறப்பதைக் கவனித்தார். பிணப் பரிசோதனை செய்த கையோடு டாக்டர்களும் மாணவர்களும் அந்த வார்டுக்கு வந்தார்கள். குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்த மரணம், இரண்டுக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் மூத்த மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. "எங்கள் கையால்தான் தாய்மார்கள் செத்தார்கள் என்கிறாயா?" என்பதே அவர்கள் காதில் விழுந்தது. 1850-இல் அவர் வியன்னாவை விட்டே போனார்.

இன்றைய மருத்துவமனைத் தலைமைக்கு இது பெரிய பாடம். ஒரு தாதி தவறான மருந்தைக் கையில் எடுத்து, கடைசி நொடியில் கவனித்துத் திருப்பி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சொன்னால் திட்டு விழும் என்றால் அவர் சொல்லமாட்டார். இரண்டு மருந்துப் புட்டிகளும் ஒரே நிறத்தில், ஒரே தட்டில் இருப்பது யாருக்கும் தெரியாமலே போகும். அடுத்த வாரம் இரவு வேலையில் களைத்துப்போன இன்னொரு தாதி, அதே தவற்றைச் செய்து முடித்துவிடுவார். "யார் செய்தது?" என்று கேட்பதற்கு முன்னால், "எப்படி இது நடக்க முடிந்தது?" என்று கேட்கும் தலைமைதான் இடரைக் குறைக்கும். வேண்டுமென்றே செய்த அலட்சியத்துக்குத் தண்டனை வேண்டும்; அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெரும்பாலான தவறுகள், நல்லவர்கள் மோசமான ஏற்பாட்டுக்குள் வேலை செய்யும்போது நடப்பவை.

2008-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கான ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. நோயாளி யார், எந்தப் பக்கம் அறுவை, என்ன ஒவ்வாமை, பஞ்சும் கருவிகளும் எண்ணியாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்கும் ஒரு தாள், அவ்வளவுதான். புதுடில்லி, மணிலா, லண்டன் உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது, மரணம் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்தது. இங்கேயும் உயிர் காத்தது எண்ணிப் பார்க்கும் பழக்கமே.

நம் நாட்டில் சுகாதார அமைச்சு 1985-இல் தர உறுதித் திட்டத்தைத் தொடங்கியது. பிரசவத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் பெயர் வெளியிடாமல், பழி சுமத்தாமல் ஆராயும் முறை 1991-இல் வந்தது. மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் அமைப்பு 1997-இலும், நோயாளி பாதுகாப்பு மன்றம் 2003-இலும் உருவாயின. தனியார் மருத்துவமனைகளில் நோயாளி புகார் செய்ய வழி இருக்க வேண்டும் என்று சொல்லும் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் 2006-இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆனாலும் 2016 அக்டோபரில் ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து, படுக்கையை விட்டு எழ முடியாத ஆறு நோயாளிகள் இறந்தார்கள். ஏற்பாடு தாளில் இருப்பதும் கட்டடத்தில் இருப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த ஆறு உயிர்கள் நமக்குச் சொல்லிவிட்டுப் போயின.

நாம் செய்ய வேண்டியது

இதில் நமக்கென்ன வேலை என்று நினைக்க வேண்டாம். கம்போங் மேடானில் இருந்து பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போகிறோம். கிள்ளானில் இருப்பவர்கள் அங்குள்ள பொது மருத்துவமனைக்குப் போகிறார்கள். போகும்போது, சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை எழுதிக் கொடுங்கள். ஊசி போடும் முன் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கேட்டால், "நேற்றுத்தானே கேட்டீர்கள்?" என்று எரிச்சல் படாதீர்கள், அது உங்களைக் காக்கும் கேள்வி. கேட்காவிட்டால் நீங்களே பெயரைச் சொல்லுங்கள். தவறு நடந்தால் கூச்சல் போட்டுவிட்டு மறந்துவிடாமல், நாள், நேரம், நடந்தது என்று எழுத்தில் கொடுங்கள். எழுதிய புகாரைத்தான் எண்ண முடியும். நம் பிள்ளைகளில் தாதியாகவும் மருத்துவ உதவியாளராகவும் வேலை செய்பவர்கள், மயிரிழையில் தப்பிய சம்பவத்தையும் பதிவு செய்யுங்கள். பதிந்தவரைத் தண்டிக்காமல் காப்பது மேலே இருப்பவர்களின் கடமை.

நம் தாத்தாக்களும் பாட்டிகளும் இறந்தபோது, அந்த மரணங்கள் பல இடங்களில் பேரேட்டில் ஒரு கோடாகவே முடிந்தன. அந்தக் கோடுகளை ஒருவர் எண்ணிப் பார்த்த இடத்தில் அடுத்தவர் பிழைத்தார். எண்ணாத இடத்தில் அடுத்தவரும் செத்தார். ஒரு மருத்துவமனை தரமானதா என்று தெரிந்துகொள்ள விரும்பினால், அங்கே நடந்த தவறுகளைப் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். "எங்களிடம் தவறே நடப்பதில்லை" என்று பதில் வந்தால், அங்கே இன்னும் எண்ணத் தொடங்கவில்லை என்றுதான் பொருள்.